3 வருஷமா அணைக்காம ஓடுற ராஸ்பெர்ரி பை 4: வாங்கலாமா, எதைப் பாத்து வாங்கணும்

ரௌட்டருக்குப் பக்கத்துல ஷெல்ஃப் மேல ஏடிஎம் கார்டு அளவுல ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு 3 வருஷமா ஓடிட்டிருக்கு. ராஸ்பெர்ரி பை 4, 4 ஜிபி ரேம் மாடல். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரு நெட்வொர்க் கேபிள், ஒரு பவர் கேபிள், டேட்டா வைக்க ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்ளோதான். வீட்ல யாரும் அதைத் தொடமாட்டாங்க, ஆனா எல்லாரும் தினமும் அதைத்தான் யூஸ் பண்றாங்க, போன்ல விளம்பரம் வராம இருக்குறது, போட்டோ எல்லாம் தானா வந்து சேர்றது, டிவில படம் ஓடுறது எல்லாமே அந்த போர்டு பாத்துக்குற வேலை.

பெட்டியைப் பிரிச்ச வாரத்துல எழுதுற ரிவ்யூல வராத விஷயங்கள் நிறைய இருக்கு, அதனாலதான் இவ்ளோ நாள் ஓட்டிட்டு எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், போர்டு இதுவரைக்கும் ஒரு தடவைகூட கெட்டுப்போகல. நான் பட்ட பாடு எல்லாம் ரெண்டே இடத்துலதான், அதுக்குக் குடுக்குற கரண்ட்லயும் அதுல சொருகுற மெமரி கார்டுலயும். இதை மட்டும் வாங்குற அன்னிக்கே யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா 3, 4 மாசம் மிச்சமாயிருக்கும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2012 பிப்ரவரி 29ல முதல் ராஸ்பெர்ரி பை வந்துச்சு, 700 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 256 எம்பி ரேம். கேம்பிரிட்ஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வர்ற பசங்களுக்கு முன்ன மாதிரி கம்ப்யூட்டரை நோண்டிப் பாத்த பழக்கம் இல்லன்னு எபன் அப்டனும் அவரோட இருந்தவங்களும் கவலைப்பட்டு ஆரம்பிச்சது. பசங்க கெடுத்தாலும் பரவாயில்லன்னு குடுக்குற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும்ங்கறதுதான் யோசனை. அந்த யோசனை இன்னிக்கும் போர்டுல தெரியுது, ஏன்னா எல்லாமே வெளியில இருக்கு, மூடி மறைச்சு எதுவும் இல்ல, எந்த பின் எதுக்குன்னு தெளிவா டாக்குமெண்ட் இருக்கு. பை 4 வந்தது 2019 ஜூன்ல, கார்டெக்ஸ் ஏ72 கோர் நாலு, 1.5 கிகாஹெர்ட்ஸ், முழு கிகாபிட் ஈதர்நெட், யுஎஸ்பி 3 போர்ட் ரெண்டு. முன்னாடி மாடல்கள்ல நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கிட்டு இருந்துச்சு, இதுல அது பிரிஞ்சது. வீட்டு சர்வரா வைக்கணும்னா அந்த ஒரு மாற்றம் ரொம்பப் பெருசு, ஃபைல் காப்பி பண்ணும்போதே வித்தியாசம் தெரியும்.

சும்மா இருக்கும்போது இது இழுக்குறது 3 வாட் பக்கம்தான். மாசம் முழுக்க அணைக்காம ஓடினாலும் கணக்குப் போட்டா 2 யூனிட் சொச்சம். பழைய டெஸ்க்டாப்பை சர்வரா வச்சிருந்தவன் நான், அந்த ஃபேன் சத்தம் நின்னதே வீட்ல பெரிய நிம்மதி.

நான் முதல்ல போட்டது பை-ஹோல், விளம்பரத்தைத் தடுக்குற சாஃப்ட்வேர். ஒரு வெப்சைட் பேரைச் சொன்னா அதோட ஐபி நம்பரை எடுத்துத் தர்றது டிஎன்எஸ் சர்வரோட வேலை, வீட்ல இருக்குற எல்லா போனும் டிவியும் அந்தக் கேள்வியை நம்ம பை கிட்ட கேக்குற மாதிரி ரௌட்டர்ல மாத்திட்டா, விளம்பர கம்பெனியோட பேர் வரும்போது மட்டும் பை அதுக்கு உருப்படியான அட்ரஸ் குடுக்காது, விளம்பரம் லோடே ஆகாது. போன்ல எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ஆப்புக்குள்ள வர்ற விளம்பரத்துக்கும் இது வேலை செய்யும். ஆனா வீடியோவும் விளம்பரமும் ஒரே அட்ரஸ்ல இருந்து வர்ற சைட்ல இது ஒண்ணும் பண்ண முடியாது, யூடியூப் விளம்பரம் போகும்னு நினைச்சு இதைப் போடாதீங்க.

இதுல எனக்கு விளம்பரம் போனதைவிட, எந்த சாமான் எந்த அட்ரஸைக் கேட்டுச்சுன்னு அது எழுதி வைக்குற லாக்தான் முக்கியமாப் பட்டுச்சு. ஒரு நாள் காலைல உக்காந்து பாக்குறேன், ராத்திரி எல்லாரும் தூங்கிட்டிருந்த நேரத்துல, டிவி ஆஃப்ல இருந்த நேரத்துல, அந்த டிவி ஒரே ஒரு அட்ரஸைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, சில வினாடிக்கு ஒரு தடவை. நாம காசு குடுத்து வாங்கின பொருள் நமக்குத் தெரியாம யார்கிட்ட பேசுதுன்னு கண்ணால பாத்ததுக்கு அப்புறம் வீட்டு நெட்வொர்க்கை நான் பாக்குற விதமே மாறிடுச்சு.

ஒரு எச்சரிக்கை. பை நின்னுச்சுன்னா வீட்ல யாருக்கும் நெட் வராது. தங்கச்சி ரூமுக்குள்ள இருந்து “அண்ணா, நெட்டே வரல, திரும்ப எதையாவது நோண்டுனியா?”ன்னு கத்துவா, பாதி தடவை அவ சொல்றது சரியாத்தான் இருக்கும். அதுக்குன்னு ரௌட்டர்ல ரெண்டாவது டிஎன்எஸ்னு வெளியில இருக்குற ஒரு சர்வரைப் போட்டுடாதீங்க, நானும் முதல்ல அதைத்தான் பண்ணேன். ரெண்டாவதுன்னா முதலாவது செத்தா மட்டும்தான் அங்க போகும்னு நாம நினைக்குறோம், அப்படி ஒரு உத்தரவாதமும் இல்ல, போனும் கம்ப்யூட்டரும் ரெண்டுல எதை வேணா கேக்கும், விளம்பரம் பாதி வரும் பாதி வராது, எதனாலன்னு தெரியாம மண்டை காயும்.

இப்போ கரண்ட் விஷயத்துக்கு வரேன், இதுதான் இந்த ரிவ்யூ எழுதுனதுக்கே காரணம்.

போர்டு வாங்கும்போது அடாப்டர் தனியா வாங்கணுமேன்னு, வீட்ல கிடந்த ஒரு போன் சார்ஜரை எடுத்து, ரெண்டு மீட்டர் நீளத்துல ஒரு யுஎஸ்பி-சி கேபிளைப் போட்டு ஓட்டினேன். போர்டு நல்லாத்தான் ஓடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு யுஎஸ்பிலயே கரண்ட் எடுக்குற 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் ஒண்ணை சொருகினேன், அன்னிலேருந்து ஆரம்பிச்சுச்சு. பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது பாதில நிக்கும், டிஸ்க் காணாமப் போகும், நாலு செகண்ட்ல வேற பேர்ல திரும்ப வரும், சில நேரம் லேப்டாப்ல இருந்து பைக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் இணைப்பே உறைஞ்சு நிக்கும். டிஸ்க் போயிடுச்சுன்னு நினைச்சேன். லேப்டாப்ல சொருகினா டிஸ்க் ஒழுங்கா வேலை செய்யுது. சரி ஓஎஸ்ல கோளாறுன்னு ரெண்டு தடவை முழுசா அழிச்சு புதுசா போட்டேன். ஒண்ணும் மாறல.

ஒரு நாள் ராத்திரி லைட்டை அணைச்சுட்டு படுக்கப் போகும்போது ஷெல்ஃப் பக்கம் தற்செயலாப் பாத்தேன். போர்டு ஓரத்துல ஒரு சிவப்பு எல்இடி இருக்கும், பவர் வருதுன்னு காட்டுறது, எப்பவும் அசையாம எரியும். அது கண் சிமிட்டுற மாதிரி ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சுச்சு. அப்படியே இருட்டுல நின்னு பாத்தேன். ஹார்ட் டிஸ்க் சுத்த ஆரம்பிக்குற அந்த ‘க்ர்ர்’ சத்தம் வரும்போதெல்லாம் சரியா அதே நொடில சிவப்பு லைட் அணையுது. அந்த லைட் சும்மா அழகுக்கு இல்ல, போர்டுக்கு வர்ற வோல்டேஜ் சுமார் 4.63க்குக் கீழ இறங்கினா அணையுற மாதிரி வச்சிருக்காங்க. மானிட்டர் சொருகியிருந்தா ஸ்க்ரீன் மூலைல மஞ்சளா ஒரு மின்னல் படம் வந்திருக்கும், நான்தான் மானிட்டரே சொருகலயே, அது எனக்கு எப்படித் தெரியும்.

உடனே லேப்டாப்பைத் திறந்து பையோட ஓஎஸ் எழுதி வைக்குற கர்னல் லாக்கைப் பாத்தா வரிசையா அண்டர்வோல்டேஜ், அண்டர்வோல்டேஜ்னு பக்கம் பக்கமா இருக்கு. ப்ராசசர் த்ராட்டில் ஆகுதான்னு, அதாவது வேகத்தைக் குறைச்சுக்குதான்னு பாக்க ஒரு கமாண்ட் இருக்கு, அதைப் போட்டா 50005ன்னு முடிஞ்சுச்சு, கடைசி 5 இந்த நிமிஷம் வோல்டேஜ் கம்மியா இருக்கு, அதனால ப்ராசசரை மெதுவாக்கிட்டேன்னு சொல்றது, முன்னாடி இருக்குற 5 ஆன் பண்ணதுல இருந்து எப்பவாவது இப்படி நடந்திருக்குன்னு சொல்றது. எல்லாம் சரியா இருந்தா அந்த இடத்துல வெறும் 0 வரணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். கேபிளோட ரெசிஸ்டன்ஸ் போக வர சேர்த்து 0.2 ஓம்னு வச்சுக்குங்க, மெலிசான நீளமான கேபிள்ல இது சாதாரணமா வரும். போர்டும் டிஸ்கும் சேர்ந்து ஒரு நொடி 2.5 ஆம்ப் இழுத்தா கேபிள்லயே அரை வோல்ட் போயிடும். சார்ஜர்ல 5 வோல்ட் கிளம்பினா போர்டுக்கு வந்து சேர்றது 4.5 தான். போனுக்கு இது ஒரு விஷயமே இல்ல, பேட்டரி கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்ளோதான். பைல பேட்டரி கிடையாது, வர்ற கரண்டை அப்படியே சாப்பிடுற சாமான், ஒரு நொடி குறைஞ்சாலும் உடனே தெரிஞ்சிடும். அதிகாரப்பூர்வமா வர்ற அடாப்டர்ல 5.1 வோல்ட், 3 ஆம்ப்னு போட்டிருப்பாங்க, அந்த 0.1 ஏன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுச்சு, கேபிள்ல போறதுக்கு ஈடு குடுக்கத்தான். கேபிளும் தடியா அடாப்டரோடவே ஒட்டி வரும், கழட்ட முடியாது. அதை மாத்துன அன்னிக்கே எல்லாம் நின்னுச்சு. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் டிஸ்க் ஒரு தடவைகூட காணாமப் போனதில்ல.

என்கிட்ட 65 வாட் சார்ஜர் இருக்கு, அது போதாதான்னு ஒரு நண்பன் கேட்டான். வாட்டை மட்டும் வச்சு போதும்னு சொல்ல முடியாது. பெரிய வாட் எல்லாம் 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட்ல குடுக்குற கணக்கு, 5 வோல்ட்ல அது பெரும்பாலும் 3 ஆம்ப்போட நின்னுடும். பைக்கு வேணும்ங்கறது 5 வோல்ட்லதான். வாட் நம்பரைப் பாக்காதீங்க, சார்ஜர் மேல பொடி எழுத்துல 5 வோல்ட்டுக்கு எதிர்ல எத்தனை ஆம்ப்னு போட்டிருக்குன்னு பாருங்க. இன்னொண்ணு, பை 4ல நாலு யுஎஸ்பி போர்ட்டும் சேர்த்து 1.2 ஆம்ப்தான் குடுக்க முடியும், யுஎஸ்பிலயே கரண்ட் எடுக்குற ரெண்டு ஹார்ட் டிஸ்க் சொருகணும்னா தனி பவர் இருக்குற யுஎஸ்பி ஹப் வாங்குங்க.

அடுத்தது மெமரி கார்டு. வாங்கி ஒண்ணேகால் வருஷம் இருக்கும். லாக் ஃபைல் ஒண்ணு ரொம்பப் பெருசாயிடுச்சுன்னு அழிச்சேன், அழிஞ்சுச்சு, லிஸ்ட்ல பாத்தேன் இல்ல. வேற ஏதோ வேலைக்காக ரீபூட் பண்ணேன். திரும்ப வந்து பாத்தா அழிச்ச ஃபைல் அதே இடத்துல அதே சைஸ்ல இருக்கு. மறந்துட்டேன் போலன்னு திரும்ப அழிச்சேன், ரீபூட், திரும்ப இருக்கு. புதுசா ஒரு ஃபைல் உருவாக்கினேன், ரீபூட் பண்ணா அது இல்ல. லாக் எல்லாம் எடுத்துப் பாத்தா எல்லாமே 9 நாளைக்கு முன்னாடி ஒரு மத்தியானத்தோட நிக்குது, அதுக்கப்புறம் எழுதுன எதுவுமே கார்டுல இறங்கல. 9 நாளா ஓஎஸ் கார்டுல எழுதிட்டேன்னு நம்பிக்கிட்டே இருந்திருக்கு, கார்டும் சரி சரின்னு வாங்கிக்கிட்டு எதையும் சேமிக்கல.

ஃப்ளாஷ் மெமரில ஒரு பைட்டை மட்டும் அழிச்சு எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கையே துடைச்சுட்டுத்தான் எழுத முடியும், ஒவ்வொரு பிளாக்கையும் இத்தனை தடவைதான் துடைக்கலாம்னு ஆயுள் உண்டு. கேமராவுல போட்டோ எடுக்குறதுக்கு அது ஏராளம். ஆனா லினக்ஸ் ஓஎஸ்ல ஓடுற இந்த மாதிரி சர்வர் நாள் முழுக்க ரெண்டு வரி, மூணு வரின்னு லாக் எழுதிக்கிட்டே இருக்கும், பை-ஹோல் ஒவ்வொரு கேள்வியையும் டேட்டாபேஸ்ல போட்டுக்கிட்டே இருக்கும், அந்த சின்னச் சின்ன எழுத்துதான் கார்டைக் கொல்லுது. ஆயுள் முடியும்போது சில கார்டு மொத்தமா செத்துடும், சில கார்டு இப்படி படிக்க மட்டும் விடும். எந்த கம்பெனி கார்டுன்னு சொல்ல விரும்பல, ஏன்னா அது அந்த வேலைக்குச் செஞ்ச பொருள் இல்ல, நான்தான் அதுல போட்டேன்.

கார்டுலதான் ஓட்டப் போறீங்கன்னா பாக்கெட்ல ஏ1 இல்ல ஏ2ன்னு போட்டதா பாருங்க. பெரிசா எழுதியிருக்குற எம்பி வேகம் பெரிய வீடியோ ஃபைலுக்கான வேகம், ஓஎஸ்க்கு அது உதவாது. ஏ1ன்னா செகண்டுக்கு 500 தடவையாவது சின்னச் சின்னதா எழுத முடியும்னு உத்தரவாதம், ஏ2ன்னா 2000 தடவை. லாக்கை ரேம்லயே வச்சிருந்து எப்பவாவது ஒரு தடவை கார்டுல இறக்குற மாதிரி செட் பண்ணுங்க. புது கார்டு வாங்குனா முதல்ல எஃப்3 மாதிரி டூல் போட்டு முழுக்க எழுதிப் படிச்சுப் பாருங்க, 128 ஜிபின்னு காட்டிட்டு உள்ள 16 ஜிபி மட்டும் இருக்குற போலி கார்டு நிறைய சுத்துது.

நான் கார்டையே விட்டுட்டேன். 2020ல இருந்து பை 4 நேரா யுஎஸ்பில இருந்து பூட் ஆகும், ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி யுஎஸ்பி அடாப்டர்ல போட்டு அதுலயே எல்லாத்தையும் வச்சுட்டேன். அப்டேட் போடுறதுல இருந்து எல்லாமே கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு வேகமாச்சு. முதல்ல வாங்குன யுஎஸ்பி அடாப்டர் மட்டும் தகராறு பண்ணுச்சு, அதுக்குள்ள இருக்குற சிப் யுஏஎஸ்ங்கற வேகமான முறைல பேசும்போது திணறிப் போய் முப்பது செகண்ட் நின்னு நின்னு வரும். பூட் ஃபைல்ல ஒரு செட்டிங் சேர்த்து அந்த முறையை அணைச்சதும் சரியாச்சு, கொஞ்சம் வேகம் குறைஞ்சுச்சு, பரவாயில்ல. அப்புறம் யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இடைஞ்சல் வரும், இது எல்லா கம்ப்யூட்டர்லயும் உள்ள விஷயம், வைஃபைலதான் வைக்கப் போறீங்கன்னா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திக்குங்க. முடிஞ்சா கேபிள் போடுங்க.

கரண்ட் பத்தி இன்னொரு விஷயம், இது கொஞ்சம் விநோதமானது. பை 4ல கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. அணைச்சா மணி நின்னுடும், திரும்ப ஆன் ஆனா கடைசியா சேமிச்ச நேரத்துல இருந்து தொடங்கும், அப்புறம் நெட்ல கேட்டு சரி பண்ணிக்கும். வழக்கமா இது யாருக்கும் தெரியாது. நாங்க 4 நாள் மெயினை அணைச்சுட்டு வெளியூர் போயிருந்தோம், வந்து ஆன் பண்ணா யாருக்கும் நெட் இல்ல. ரௌட்டர்ல லைட் எல்லாம் ஒழுங்கா எரியுது. நான் பை-ஹோலுக்குப் பின்னாடி அன்பவுண்ட்ங்கற டிஎன்எஸ் சாஃப்ட்வேரைப் போட்டு டிஎன்எஸ்செக் சரிபார்க்குற மாதிரி வச்சிருந்தேன், டிஎன்எஸ் பதில் போலியா இல்லையான்னு கையெழுத்தைப் பாக்குற முறை அது. அந்தக் கையெழுத்துல இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். பையோட கணக்குப்படி இன்னும் 4 நாள் முந்தின தேதி, அதனால வர்ற கையெழுத்து எல்லாம் எதிர்காலத்துல போட்டது மாதிரி தெரியுது, எல்லாத்தையும் தள்ளிவிடுது. சரியான நேரத்தைக் கேக்கலாம்னா நேர சர்வரோட பேரை ஐபியா மாத்தணும், அதுக்கு டிஎன்எஸ் வேணும், டிஎன்எஸ்க்கு சரியான நேரம் வேணும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது.

கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு, ஆனா கண்டுபிடிச்சப்ப வந்த சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இந்த மாதிரி சாமானை வச்சிருக்கலாம்னு தோணுச்சு. சரி பண்றது லேசு, டிஎஸ்3231ன்னு பட்டன் செல் வச்ச சின்ன கடிகார மாட்யூல் இருக்கு, பின்ல சொருகி ஒரு வரி கான்ஃபிக் போட்டா போதும். பை 5ல கடிகாரம் போர்டுலயே வந்துடுச்சு, பேட்டரி மட்டும் வாங்கி மாட்டணும்.

போட்டோவுக்கு சிங்க்திங்னு ஃபைலை சாமானுக்குச் சாமான் ஒத்துப்போக வைக்குற சாஃப்ட்வேர் போட்டிருக்கேன், வீட்ல எல்லார் போன்ல எடுக்குற படமும் தானா பைக்கு வந்துடும், நடுவுல எந்த கம்பெனி சர்வர்லயும் நம்ம படம் தங்காது. இதுல ஒண்ணு மனசுல வச்சுக்குங்க, சிங்க்னா பேக்கப் இல்ல, போன்ல அழிச்சா இங்கயும் அழியும். அதனால பழைய வெர்ஷனை எடுத்து வைக்குற ஆப்ஷனை ஆன் பண்ணி வச்சிருக்கேன், ராத்திரி இன்னொரு டிஸ்க்குக்கும் காப்பி போகும். போன மாசம் அப்பா வந்து “டேய், தாத்தாவோட எடுத்த படம் ஒண்ணு கைதவறி அழிஞ்சுபோச்சுடா, எடுக்க முடியுமா?”ன்னார். “இருப்பா, எடுத்துத் தரேன்”னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் குடுத்தேன். வேற எதையும் சொல்லாம அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். பை வாங்குனதுக்கு எனக்கு அது ஒண்ணே போதும்.

படம் பாக்க ஜெல்லிஃபின், பைல இருக்குற படத்தை டிவிக்கு அனுப்புற சாஃப்ட்வேர். டிவிக்குப் புரியுற ஃபார்மட்ல ஃபைல் இருந்தா அப்படியே அனுப்பிடும், பை அலட்டிக்காது. டிவிக்குப் புரியாம வேற ஃபார்மட்டுக்கு மாத்தி அனுப்பணும்னா இந்த போர்டு திணறும். அதனால ஃபைலை முன்னாடியே சரியான ஃபார்மட்ல மாத்தி வச்சுக்குறேன்.

பின்னைப் பத்தி சொல்லாம விட்டா இது பை ரிவ்யூவே இல்ல. சென்சர் மாதிரி சாமானை நேரா சேர்க்க 40 பின் இருக்கு, மினி பிசில காசு குடுத்தாலும் இது கிடைக்காது. நான் டிஎஸ்18பி20ன்னு ஒரு டெம்பரேச்சர் சென்சரை ஃப்ரிட்ஜுக்குள்ள விட்டு, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கிராஃப் வரையுற மாதிரி செஞ்சிருந்தேன். மூணு கம்பிதான், டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். 5 வோல்ட்ல மட்டும் டேட்டா பின்னைத் தொட்டுடாதீங்க, பையோட பின் எல்லாம் 3.3 வோல்ட்தான், போர்டே போயிடும். ஒரு நாள் கிராஃப்ல பாத்தா 4, 4, 5ன்னு போயிட்டிருந்த கோடு திடீர்னு 85 டிகிரிக்கு ஒரு ஊசி மாதிரி ஏறி இறங்கியிருக்கு. ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தேன், எல்லாம் சில்லுன்னுதான் இருக்கு. அப்புறம் டேட்டாஷீட்டை எடுத்துப் படிச்சா விஷயம் அதுலயே இருக்கு, அந்த சென்சருக்கு கரண்ட் போய்த் திரும்ப வந்தா, அளந்து முடிக்குற வரைக்கும் அது சொல்ற நம்பர் 85 தான். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தும்போது ஒயர் ஆடி ஒரு நொடி விட்டுப் பிடிச்சிருக்கு. ஜம்பர் ஒயரை எடுத்துட்டு சால்டர் வச்சேன், அதுக்கப்புறம் 85 வரவே இல்ல. சுத்திச் சுத்தி கடைசில இதுவும் கரண்ட்தான்.

சூடு பத்தி நிறைய பேர் கேப்பாங்க. 80 டிகிரி தாண்டினா தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும். மூடுன பிளாஸ்டிக் கேஸ்ல வச்சா அந்த அளவுக்குப் போகும், அலுமினியம் கேஸ் ஒண்ணு, உள் பக்கம் நேரா சிப்பைத் தொடுற மாதிரி உள்ளது, வாங்கி மாட்டினேன், ஃபேனே இல்லாம 50க்குள்ளயே நிக்குது. இதுல வேற சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்போ வாங்குறவங்க பை 5 வாங்கலாமான்னு யோசிப்பீங்க. 2023ல வந்தது, கார்டெக்ஸ் ஏ76, 2.4 கிகாஹெர்ட்ஸ், நண்பன் வீட்ல உக்காந்து ஓட்டிப் பாத்தேன், டெஸ்க்டாப்பா வச்சு ப்ரௌசர் திறந்தா வித்தியாசம் நல்லாவே தெரியுது. பிசிஐஇன்னு வேகமான டேட்டா பாதை ஒண்ணு வெளியில குடுத்திருக்காங்க, அதுல ஒரு சின்ன அடாப்டர் போர்டு வச்சு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டலாம், யுஎஸ்பி அடாப்டர் தகராறே கிடையாது. முதல் தடவையா போர்டுல பவர் பட்டன் வச்சிருக்காங்க. ஆனா அதுக்கு 5 வோல்ட்ல 5 ஆம்ப் வேணும், அந்த மாதிரி சார்ஜர் வீட்ல கிடைக்கவே கிடைக்காது, 27 வாட் அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்க. 3 ஆம்ப் குடுத்தா போர்டு ஓடும், யுஎஸ்பிக்கு 600 மில்லிஆம்ப்தான் விடும், அதுக்குமேல டிஸ்க் சொருகினா என் கதைதான். ஃபேனும் தேவைப்படும். ஹெட்போன் சொருகுற இடமும் ஹெச்.264ங்கற ஃபார்மட் வீடியோவுக்கான தனி ஹார்ட்வேரும் அதுல இல்ல, மீடியாவுக்காக வாங்குறவங்க இதைப் பாத்துக்குங்க.

படம் பாக்க, ஃபார்மட் மாத்த, நிறைய டிஸ்க் சொருக ஒரு சர்வர்தான் வேணும், பின் எல்லாம் தொடவே மாட்டேன்னா நேர்மையாச் சொல்றேன், இன்டெல் என்100 ப்ராசசர் போட்ட ஒரு மினி பிசி வாங்குங்க, வீடியோ மாத்துற வேலையை அது ரொம்ப சுலபமா செய்யும், அடாப்டர், கார்டு, கேஸ்னு தனித்தனியா வாங்குற தொல்லையும் இல்ல. டிஎன்எஸ், போட்டோ சிங்க், சென்சர், லினக்ஸ் கத்துக்கணும்ங்கற ஆசை இதெல்லாம் சேர்ந்து இருந்தா பை 4 இன்னிக்கும் தாராளமாப் போதும், என்னோடது இதெல்லாம் ஓடும்போதும் 4 ஜிபில பாதி ரேம்கூடத் தொட்டதில்ல.

தங்கச்சி இப்போ செடிக்குத் தண்ணி போதுமான்னு பாக்க மண் ஈரம் அளக்குற சென்சர் போடணும்னு கேட்டிருக்கா, அவளுக்கு பையோட குட்டி மாடல், ஒரு பை ஜீரோ 2 டபிள்யூ வாங்கியிருக்கேன். போர்டு வந்து சேர்றதுக்கு முன்னாடியே அடாப்டர் வந்துடுச்சு, மேல 5.1 வோல்ட்னு இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு அவ மேஜை மேல வச்சிருக்கேன்.